பின்சீட்டுப் பிள்ளை

மண் ரோட்டில் வண்டி வந்தால் வாசலில் நின்ற பிறகுதான் தெரியும். சரளை ரோட்டில் அப்படியில்லை. தெருமுனையில் திரும்பும்போதே நறநறவென்று கல் அரைபடும் சத்தம் வீட்டுக்குள் வந்துவிடும். அந்தச் சத்தத்துக்கு இரண்டே அர்த்தம்தான். யாரோ வருகிறார்கள், இல்லையென்றால் நாம் கிளம்புகிறோம். எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் அதிகம் வந்ததில்லை.

அப்பா வங்கியில் வேலை பார்த்தார். இரண்டு வருடம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் உத்தரவு வரும். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆறு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே சடங்குதான். கட்டிலைக் கழற்றுவது, பாத்திரங்களைக் கோணியில் கட்டுவது, அம்மா சாமி படங்களை மட்டும் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வது. லாரி முன்னால் போகும், நாங்கள் பின்னால் வாடகைக் காரில். நான் பின்சீட்டில் ஜன்னலோரம். எனக்கு ஜன்னலோரம் பிடிக்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அழுவது தெரியாமல் இருக்க அதுதான் வசதியான இடம் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதையெல்லாம் மறந்துதான் இருந்தேன். முப்பது வயதுக்கு மேல், ஒரு நண்பர் பென்டிரைவில் போட்டுக்கொடுத்த ஆல்பம் ஒன்றைப் பஸ்ஸில் போகும்போது கேட்டேன். லுசிண்டா வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பாடகியின் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோட்'. 1998இல் வந்தது. பெயரிலேயே சரளை ரோடு. கண்ட்ரி என்ற அமெரிக்க இசை வகை என்றால் தொப்பி வைத்துக்கொண்டு குதிரையைப் பற்றிப் பாடுவது என்ற அளவில்தான் அப்போது என் அறிவு. இரண்டாவது பாட்டு ஆல்பத்தின் பெயரையே கொண்டது. மேக்கன் என்ற ஊரில் ஒரு சமையலறை. ரேடியோவில் லொரெட்டா லின் என்ற கண்ட்ரி பாடகி பாடுகிறார். காபி வாசனை. யாரோ எதையோ தேடுகிறார்கள், வைத்த இடத்தில் எதுவும் இல்லை. தூசி படிந்த ஒரு பெட்டி. அப்புறம் கார். முன்சீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டே வருகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பது புரியவில்லை. பருத்திக் காடு, தந்திக் கம்பங்கள், மரங்கள் எல்லாம் பின்னால் ஓடுகின்றன. கடைசியில்தான் பின்சீட்டைக் காட்டுகிறார். நான்கைந்து வயதுக் குழந்தை ஒன்று, முகத்தில் அழுக்கும் கண்ணீரும் கலந்து, வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். பாட்டு கேட்டு இப்படி ஆனது அதுதான் முதல் தடவை, இதுவரைக்கும் கடைசித் தடவையும்கூட.

அந்தக் குழந்தை யார் என்று லுசிண்டாவுக்கே முதலில் தெரியாது. எழுதும்போது ஏதோ ஒரு குழந்தை என்றுதான் நினைத்திருக்கிறார். கண்ட்ரி இசைக்குத் தலைநகரமான நாஷ்வில்லில் புளூபேர்ட் கஃபே என்று ஒரு சின்ன இடம் உண்டு. பாட்டு எழுதுகிறவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து தங்கள் பாட்டைத் தாங்களே பாடிக்காட்டுகிற இடம். அங்கே இந்தப் பாட்டைப் பாடியபோது அவருடைய அப்பா கூட்டத்தில் இருந்தார். பாடி முடித்ததும் மகளிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். எதற்கு என்று மகளுக்கு விளங்கவில்லை. பின்சீட்டில் இருந்த பிள்ளை நீதானே என்றார் அப்பா. அதற்குப் பிறகுதான் தன் பாட்டு தன்னைப் பற்றியது என்று லுசிண்டாவுக்குப் பட்டிருக்கிறது. பல பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கும் கதை இது.

அந்த அப்பாவும் சாதாரண ஆள் இல்லை. மில்லர் வில்லியம்ஸ் என்ற கவிஞர். 1997 ஜனவரியில் பில் கிளிண்டன் இரண்டாவது முறை பதவியேற்றபோது மேடையில் கவிதை வாசித்தவர். ஆனால் மகள் சிறுமியாக இருந்த காலத்தில் அவர் நிரந்தர வேலைக்கு அலைந்துகொண்டிருந்த கல்லூரி ஆசிரியர். முதலில் உயிரியல் வாத்தியார், பிறகுதான் இலக்கியம். வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பம் போகும். லூசியானாவில் லேக் சார்லஸ், ஜார்ஜியாவில் மேக்கன், மிசிசிப்பியில் விக்ஸ்பர்க், ஜாக்சன், மறுபடி லூசியானாவில் பேட்டன் ரூஜ், நியூ ஆர்லியன்ஸ். நடுவில் சிலி, மெக்சிகோ. கடைசியில் ஆர்கன்சாஸ். என் ஆறு பள்ளிக்கூடங்களை இனிமேல் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அலைச்சலுக்கு நடுவில் சில அபூர்வமான வாய்ப்புகளும் வந்தன. ஜார்ஜியாவில் இருந்தபோது, எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரைப் பார்க்க மில்லர் அவருடைய பண்ணைக்குப் போவார், குட்டி மகளையும் கூட்டிக்கொண்டு. ஓ'கானர் மயில் வளர்ப்பவர். பெரியவர்கள் இலக்கியம் பேசிக்கொண்டிருக்க, லுசிண்டா அந்த மயில்களைத் துரத்தி விளையாடினார். 1965இல் பன்னிரண்டு வயது. அப்பாவின் மாணவர் ஒருவர் பாப் டிலனின் புதிய இசைத்தட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு பக்கம் அப்பாவின் கவிதை, இன்னொரு பக்கம் கிராமியப் பாடல். இரண்டும் ஒரே ஆளிடம் சேரலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதாக லுசிண்டா சொல்கிறார்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன்.

இதற்கு முந்திய ஆல்பம் 1992இல் வந்தது. நடுவில் ஆறு வருட இடைவெளி. 1995இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்தில் ஒலிப்பதிவு தொடங்கியது. தயாரித்தவர் கர்ஃப் மோர்லிக்ஸ், பல வருடங்களாக லுசிண்டாவுடன் கிட்டார் வாசித்தவர். கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்ற நிலை. அப்போது ஸ்டீவ் ஏர்ல் என்ற பாடகர் தன்னுடைய ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கூடப் பாட லுசிண்டாவை நாஷ்வில்லுக்கு அழைத்தார். அங்கே பதிவான தன் குரலைக் கேட்டதும் லுசிண்டாவுக்குப் பொறி தட்டிவிட்டது. இதுதான் என் குரல், ஆஸ்டினில் பதிந்தது இல்லை.

உடனே எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார், நாஷ்வில்லில், ஸ்டீவ் ஏர்ல், அவருடைய தயாரிப்புக் கூட்டாளி ரே கென்னடி இருவருடன். மோர்லிக்ஸ் மனம் நொந்து விலகிப்போனார். அத்தனை வருட நட்பு அதோடு முறிந்தது. ஏர்ல் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்பவேண்டிய நாள் வந்தது. லுசிண்டாவுக்கோ இன்னும் திருப்தி இல்லை. நாடாக்களைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் குழுவில் பியானோ வாசிக்கும் ராய் பிட்டன் அங்கே மிச்சத்தைச் செய்தார். பிறகு ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் கையில் ஒலிக்கலவை. இதற்கிடையில் வெளியிடவேண்டிய கம்பெனியே மாறிப்போய், கடைசியில் மெர்குரி வெளியிட்டது. தான் வேலை செய்ததிலேயே கொஞ்சமும் சந்தோஷமில்லாத ஆல்பம் இதுதான் என்று பிற்பாடு ஏர்ல் சொன்னார்.

பத்திரிகைகளில் லுசிண்டாவைப் பற்றி ஒரு பிம்பம் அப்போது உருவானது. பிடிவாதக்காரி, தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவர், உடனிருப்பவர்களைப் பைத்தியமாக்குபவர். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். ஸ்பிரிங்ஸ்டீன் 1970களில் ஒரே ஒரு பாட்டைப் பதிய ஆறு மாதம் எடுத்துக்கொண்டார். அதை மேதையின் தவம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தில் பியானோ வாசித்ததும் இதே ராய் பிட்டன்தான்! ஒரு பெண் தன் குரல் சரியில்லை, மறுபடி பாடுகிறேன் என்றால் மட்டும் அது மனநோய் ஆகிவிடுகிறது.

ஆனால் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மோர்லிக்ஸ் பக்கம் இருந்து பார்த்தால் அது துரோகம்தான். ஒரு வருட உழைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொருவரிடம் போனால் யாருக்குத்தான் வலிக்காது? அவர் வாசித்த கிட்டார் இப்போதும் ஆல்பத்தில் இருக்கிறது. அதைக் கேட்கும்போது சில நேரம் எனக்கு அவர் பக்கம்தான் மனசு போகிறது.

அப்படி என்னதான் தேடினார்? என் காதுக்குப் படுவதைச் சொல்கிறேன். எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. லுசிண்டாவின் குரல் அழகான குரல் இல்லை. தூங்கி எழுந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுகிறவரின் குரல். வார்த்தைகளை முழுசாக உச்சரிக்க மாட்டார், தென் மாநிலத்துக்காரர்களுக்கே உரிய இழுவையில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். அதில் கொஞ்சம் பாடல் மெருகு ஏறினாலும் பொய்யாகிவிடும். பெரியவள் ஆன பிறகு குழந்தைப் பருவத்தைப் பாடுவதில் ஒரு சிக்கல் உண்டு. பாவமாகப் பாடினால் கழிவிரக்கம், கம்பீரமாகப் பாடினால் அந்நியம். தலைப்புப் பாட்டில் அவர் இரண்டையும் செய்யவில்லை. பலசரக்குச் சீட்டு வாசிப்பதுபோலப் பாடுகிறார். காபி, முட்டை, சாவி, பெட்டி. குழந்தையின் கண்ணீர்கூட அந்தச் சீட்டில் இன்னொரு சாமான்தான். அந்த அளவுக்கு ஒன்றும் செய்யாமல் பாடுவதற்குத்தான் மூன்று ஊர் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

ஊர் என்றதும் இன்னொரு பாட்டு. 'லேக் சார்லஸ்'. லுசிண்டாவின் முன்னாள் காதலர் கிளைட் உட்வர்ட் குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டுப்போய் இறந்தவர். அவருக்கு எழுதிய இரங்கல் பாட்டு இது. அவர் பிறந்தது கிழக்கு டெக்சாஸில் நாகடோச்சஸ் என்ற ஊர். ஆனால் கேட்பவர்களிடமெல்லாம் தன் ஊர் லேக் சார்லஸ் என்று சொல்லிக்கொள்வார். அந்த மண்ணும் சாப்பாடும் இசையும் அவ்வளவு பிடிக்கும். மஞ்சள் எல் கமீனோ வண்டியில் ஹௌலின் வுல்ஃப் என்ற பாடகரின் புளூஸ் பாட்டுகளைப் போட்டுக்கொண்டு இருவரும் சுற்றியதைப் பாடிவிட்டு, கடைசி நேரத்தில் உன் காதில் தேவதை ஏதாவது சொன்னதா என்று மெதுவாகக் கேட்கிறார்.

இதில் பாட்டுக்குள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. லேக் சார்லஸ் உண்மையில் லுசிண்டா பிறந்த ஊர். 1953 ஜனவரியில் அங்கே பிறந்தார், நிலைக்காமல் கிளம்பிவிட்டார். ஊர் உள்ள மனிதன் தன் ஊரை மறைத்துவிட்டு இவருடைய ஊரைச் சொந்தம் கொண்டாடுகிறான். இவரோ அங்கே பிறந்தும் அதை என் ஊர் என்று சொல்ல முடியாதவர். "உங்களுக்கு எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் நான் எப்போதும் ஒரு நொடி திணறுவேன். தாத்தா வீடு இருந்த ஊரைச் சொல்வேன். அங்கே நான் மொத்தமாக நாற்பது நாள் இருந்திருந்தால் அதிகம். கிளைட் சொன்ன பொய் எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆல்பம் முழுக்க ஊர்ப்பெயர்கள்தான். 'ஜாய்' பாட்டில் தொலைந்த சந்தோஷத்தைத் தேடி வெஸ்ட் மெம்ஃபிஸுக்கும் ஸ்லைடெலுக்கும் போகிறார். ஒன்று ஆர்கன்சாஸில், மெம்ஃபிஸ் நகரத்துக்கு எதிர்க்கரையில். மற்றது லூசியானாவின் தெற்கே, நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில். பஸ்ஸில் விட்ட குடையைத் தேடி டிப்போ டிப்போவாகப் போவதுபோல அவ்வளவு சாதாரணமாகப் போகிறார். 'கிரீன்வில்' பாட்டில் குடித்துவிட்டு ரகளை செய்யும் காதலனை அந்த ஊருக்கே திரும்பிப் போகச் சொல்கிறார். பாடகி எமிலூ ஹாரிஸ் பின்குரல் கொடுக்கிறார், அது தனி அழகு. ரோஸ்டேல் என்ற மிசிசிப்பி ஊரில் உள்ள மதுக்கடையைப் பற்றி ஒரு பாட்டு. பெர்னி ஐம்ஸ் என்ற புகைப்படக்காரர் மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் கூடும் இப்படிப்பட்ட கடைகளை வண்ணத்தில் படம் எடுத்துப் புத்தகமாகப் போட்டார். அந்தப் படங்களில் சுவரில் கையால் கிறுக்கியிருக்கும் எச்சரிக்கைகள் அப்படியே பாட்டுக்குள் வந்துவிட்டன. கெட்ட வார்த்தை பேசாதே, சூதாடாதே, சண்டை போடாதே. நம்மூர் டீக்கடைப் பலகையில் 'அரசியல் பேசாதீர்' என்று எழுதியிருக்குமே, அந்த ரகம்.

'டிரங்கன் ஏஞ்சல்' பாட்டைப் பற்றி எழுதாமல் விட்டால் லுசிண்டாவின் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். பிளேஸ் ஃபோலி என்ற ஆஸ்டின் பாடகரைப் பற்றியது. வீடு கிடையாது, நண்பர்கள் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்வார். கிழிந்த பூட்ஸை டக்ட் டேப் என்ற அகலமான ஒட்டு நாடா போட்டு ஒட்டிப் போட்டுக்கொள்வார், அதையே அலங்காரமாகவும் ஆக்கிக்கொண்டார். அவர் எழுதிய பாட்டு ஒன்றை 1987இல் பெரிய கண்ட்ரி நட்சத்திரங்களான மெர்ல் ஹேகார்டும் வில்லி நெல்சனும் சேர்ந்து பாடினார்கள். அதற்குப் பிறகும் சோபாதான். 1989 பிப்ரவரியில், ஒரு முதிய நண்பரின் வீட்டில் நடந்த தகராறில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 39. நண்பர்கள் சவப்பெட்டியையும் டக்ட் டேப்பால் ஒட்டி அனுப்பிவைத்தார்கள். லுசிண்டா இந்தப் பாட்டில் அவரைத் தெய்வமாக்கவில்லை. ஏன் இப்படிச் செத்தாய் என்று திட்டுகிறார். நம் ஒப்பாரியிலும் இந்தத் திட்டு உண்டு, போனவனை வைவதுதான் அழுகையின் பாதி.

எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். 'ஸ்டில் ஐ லாங் ஃபார் யுவர் கிஸ்' எனக்குக் கொஞ்சம் அலுப்பு, பெரும்பாலும் தாண்டிவிடுவேன். 'ஐ லாஸ்ட் இட்' 1980லேயே அவர் பதிந்த பாட்டு, இங்கே மறுபடி வருகிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. 'கான்ட் லெட் கோ' மட்டும் வேறொருவர் எழுதியது, ராண்டி வீக்ஸ். சத்தம் கொஞ்சம் முரட்டுத்தனமாக, காரில் போகும்போது கேட்க அருமையாக இருக்கும்.

இது எந்த வகை இசை என்பதில் கம்பெனிக்காரர்களுக்கு எப்போதுமே குழப்பம். 1980களில் அவர் மாதிரிப் பதிவுகளைக் கொடுத்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் ஆட்கள் இது கண்ட்ரி, நாஷ்வில்லுக்கு அனுப்பு என்றார்கள். நாஷ்வில் ஆட்கள் இது ராக், எங்களுக்கு வேண்டாம் என்றார்கள். கடைசியில் 1988இல் ரஃப் டிரேட் என்ற கம்பெனிதான் ஆல்பமாக வெளியிட்டது. அதிலிருந்து ஒரு பாட்டை மேரி சேப்பின் கார்ப்பென்டர் என்ற பாடகி பாட, அதை எழுதிய லுசிண்டாவுக்கு 1994இல் சிறந்த கண்ட்ரி பாடலுக்கான கிராமி விருது. இந்தச் சரளை ரோட்டு ஆல்பத்துக்கு 1999இல் சமகால ஃபோக் பிரிவில் கிராமி. 2002இல் இன்னொரு பாட்டுக்கு ராக் பிரிவில் கிராமி. மூன்று விருது, மூன்று வெவ்வேறு அலமாரி. கடைக்குள்ளேயும் இவருக்கு நிலையான விலாசம் இல்லை. ஆனால் இந்த ஆல்பம் வெளிவந்த 1998இல் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் அது முதலிடம் பிடித்தது.

கடைசிப் பாட்டு 'ஜாக்சன்'. ஆல்பத்திலேயே எளிமையான பாட்டு. ஒருத்தி காதலனை விட்டுவிட்டுக் கிளம்புகிறாள். ஜாக்சன் போய்ச் சேருவதற்குள் உன் ஞாபகம் பெரிதாக இருக்காது என்கிறாள். அப்புறம் லாஃபயெட் வரட்டும், பேட்டன் ரூஜ் வரட்டும், விக்ஸ்பர்க் வரட்டும், மறந்துவிடுவேன் என்கிறாள். எத்தனை ஊர் வேண்டியிருக்கிறது பாருங்கள். லாஃபயெட்டிலிருந்து பேட்டன் ரூஜ் சுமார் 90 கிலோமீட்டர். விக்ஸ்பர்க்கிலிருந்து ஜாக்சன் சுமார் 70. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பாவால்தான்.

அப்பா ஓய்வு பெற்றுப் பதினான்கு வருடம் ஆகிறது. போன தை மாதம் கண் ஆஸ்பத்திரிக்கு அவரைக் காரில் கூட்டிப்போனேன். நான் ஓட்ட, அவர் பின்சீட்டில். முன்சீட்டில் உட்காரச் சொன்னால் சீட் பெல்ட் கழுத்தை அறுக்கிறது என்பார். இந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே போட்டேன் என்று சொன்னால் அது உண்மை, தற்செயல் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இரண்டாவது பாட்டு வந்தபோது சத்தத்தைக் கூட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், ஆனால் அந்த உச்சரிப்பு பிடிபடவில்லை. நானே சொன்னேன்: ஊர் ஊராகப் போகிற குடும்பம்ப்பா, பின்சீட்டில் ஒரு குழந்தை அழுகிறது. அந்த அப்பா பிற்பாடு பொண்ணுகிட்ட சாரி சொன்னாராம்.

கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலையாம் அந்தாளுக்கு?"

"காலேஜ் வாத்தியார்ப்பா."

"அங்கேயும் டிரான்ஸ்ஃபரா?"

"டிரான்ஸ்ஃபர் இல்லை. வேலை நிலைக்கலை."

ம்ம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, சொட்டு மருந்து விட்டு, கண் தெளியும்வரை காத்திருந்து திரும்புவதற்கு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வரும்போது வழியில் பாலம் கட்டுகிறார்கள் என்று வண்டிகளை மாற்றுப்பாதையில் விட்டிருந்தார்கள். தார் போடாத பாதை, புதிதாகக் கொட்டிய ஜல்லி. டயருக்கடியில் கல் அரைபட ஆரம்பித்தது. 'ஜாக்சன்' ஓடிக்கொண்டிருந்தது. அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஊர் பேரா சொல்லிட்டே வருதே அந்தப் பொண்ணு, ஒண்ணுக்கொண்ணு எத்தனை கிலோமீட்டர் இருக்கும்?"

ஒவ்வொரு மாற்றலுக்கும் அவர் முதலில் கேட்பது இதைத்தான். தெரியலைப்பா என்றேன். பார்த்துச் சொல் என்றார். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் விரல் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"லாரி வாடகை அதிகம் ஆகியிருக்காது" என்றார்.